ஒரே அறையில் எட்டு நாற்காலி
குடியாத்தத்தில் அக்குபங்சர் கூடம் திறந்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் சிலருக்கு என் முகம் தெரியும். திங்களும் வியாழனும் சாயங்காலம் வந்து, ஜன்னல் ஓரத்து நாற்காலி காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் சத்துணவு டீச்சர் நான்தான். நேரில் பேசினால் நாலு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது. அந்த அறையில் சத்தமாகப் பேசவும் மனசு வருவதில்லை, பக்கத்தில் யாராவது கண்ணயர்ந்திருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு உங்கள் கையில் கொடுத்திருக்கலாம். ஆனால் சொல்லப்போவது ஊருக்கும் சம்பந்தப்பட்டது, அதனால் திறந்த மடலாகவே இருக்கட்டும்.

முதலில் வாழ்த்து. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வாசலில் இரண்டு வாழைக்கன்று கட்டி, ரவா கேசரியும் காபியும் கொடுத்து நீங்கள் திறந்த கூடத்துக்கு இன்றோடு ஆறு வாரம் ஆகிறது. அன்று ரிப்பன் வெட்ட நீங்கள் எந்தப் பெரிய மனிதரையும் கூப்பிடவில்லை. எங்கள் தெருவில் அறுபது வருஷமாகப் பீடி சுற்றும் பாட்டியைக் கூப்பிட்டீர்கள். தட்டில் வைத்து நீட்டிய புதுக் கத்தரிக்கோலைப் பாட்டி தொடவில்லை. இடுப்பில் செருகியிருந்த, பீடி இலை வெட்டும் தன் கத்தரிக்கோலையே எடுத்தார். "இதுதான் என் கைக்கு வளையும்" என்றார். வெட்டிவிட்டு நேராக உள்ளே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தரிக்கோல் வளையம் அழுத்தி அழுத்தி அவருடைய கட்டைவிரல் ஒரு பக்கமாகத் திரும்பியே போயிருக்கிறது. அந்தக் கைக்குத்தான் உங்கள் கூடத்தின் முதல் அக்குபங்சர் ஊசி, வலி குறைய உடம்பில் குத்தி வைக்கிற மெல்லிய ஊசி. நான் கூட்டத்தில் நின்று அழுதேன். ஏன் அழுதேன் என்பதைச் சொன்னால்தான் மீதியைச் சொல்ல முடியும்.

என் அம்மாவும் பீடி சுற்றியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, முந்தின ராத்திரி ஈரச் சாக்கில் சுற்றி வைத்த இலையைப் பிரிப்பார். தகரத் துண்டை இலைமேல் வைத்து அளவாக வெட்டுவார். அப்புறம் முறத்தை மடியில் வைத்தால், தலை குனிந்தது குனிந்ததுதான். ஒரு இலை, ஒரு சிட்டிகைத் தூள், ஒரு உருட்டு, நுனியை மடக்கி ஒரு குத்து, மேலே ஒரு சுற்று நூல். கூலிக் கணக்கு ஆயிரம் பீடிக்கு. ஆயிரம் பீடி என்றால் விரல் ஆயிரம் தடவை அதையே செய்யவேண்டும், கழுத்து அத்தனை நேரமும் அப்படியே தொங்கவேண்டும். கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் சரியில்லாததைக் கழிப்பார்கள், அதற்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றவேண்டும். ராத்திரி அம்மா குப்புறப் படுத்துக்கொள்வார். ஆறேழு வயசுப் பிள்ளையான நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகிலும் தோளிலும் ஏறி மிதிப்பேன். "இன்னும் கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம்" என்பார். எனக்குத் தெரிந்து அவருக்குக் கிடைத்த ஒரே சிகிச்சை அதுதான். அதுவும் தைலமும்.

அம்மா காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார், பிரசவத்துக்குப் போனார். வலிக்கு ஒருநாளும் போகவில்லை. "வலிக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா" என்பார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். குழித்தறியில் கால் மிதித்து மிதித்து முழங்கால் போன லுங்கி நெசவாளர், தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்கள், ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் பிள்ளைகள், எல்லோருமே வலியைக் கூலியோடு சேர்த்து வாங்கி வருகிறோம்.

இத்தனைக்கும் நாம் இருப்பது சாதாரண மாவட்டம் இல்லை. 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கியது இன்று நாடே தேடி வரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று டாக்டர் பால் பிராண்ட் காட்டியதும் இங்கேதான். அந்தப் பெருமை எங்களுக்கு நிறைய உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் எங்கே போகவேண்டும் என்று வட ஆற்காட்டுக்காரர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கழுத்து வலிக்காக ஒரு பீடித் தொழிலாளி முப்பது கிலோமீட்டர் பஸ் ஏறமாட்டார். ஒருநாள் போனால் அன்றைய ஆயிரம் பீடி போச்சு. அவர் நடந்து போகிற தூரத்தில், வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிற மாதிரி ஒரு இடம் வேண்டியிருந்தது. அதைத்தான் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள்.

திறப்பு விழாவில் உங்களில் ஒரு தங்கை பேசினார். ஏன் எல்லோரும் ஒரே அறையில் என்று அவர் விளக்கியது எனக்கு நன்றாகப் புரிந்தது, இங்கே ஊருக்காகத் திருப்பிச் சொல்கிறேன். அக்குபங்சர் ஒருமுறை குத்திக்கொண்டு போனால் தீருகிற சங்கதி இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை, பல வாரம் விடாமல் வரவேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்நூறு ரூபாய் என்றால் எங்கள் ஆட்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். ஊசி ஒன்றும் பெரிய விலை இல்லை, வைத்தியரின் நேரம்தான் விலை. ஊசி போட சில நிமிஷம் போதும், போட்டபின் அரை மணியிலிருந்து முக்கால் மணி சும்மா சாய்ந்திருக்கவேண்டும். தனி அறையாக இருந்தால் அந்த நேரத்தின் வாடகை, கரண்ட், உழைப்பு எல்லாம் ஒருவர் தலையில் விழும். ஒரே அறையில் எட்டு நாற்காலி போட்டால், ஒருவர் சாய்ந்திருக்கும்போதே அடுத்தவருக்குப் போடலாம், செலவு எட்டுப் பங்காகப் பிரிந்துவிடும்.

அமெரிக்காவில் போர்ட்லாண்ட் என்ற ஊரில் 2002-ல் உழைக்கும் மக்களுக்காக இப்படி ஒரு கூடம் தொடங்கினார்கள் என்றும், சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, 15 டாலரிலிருந்து 35 டாலருக்குள் அவரவர் முடிந்ததைக் கொடுக்கச் சொன்னார்கள் என்றும், சம்பளச் சீட்டெல்லாம் கேட்பதில்லை என்றும் அந்தத் தங்கை சொன்னார். அதற்கும் முன்னால் 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், லிங்கன் என்ற அரசு ஆஸ்பத்திரியில், போதைப் பழக்கத்திலிருந்து மீள வந்தவர்களை வட்டமாக உட்கார வைத்துக் காதில் ஊசி போட்டார்களாம். அந்த ஏழைப் பகுதியின் இளைஞர்கள் போராடி வாங்கிய இடம் அது.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பந்திதான் ஞாபகம் வந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். 1954-ல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குப் போக இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தத்தில். இரண்டு வருஷம் கழித்து 1956-ல் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும், எனக்கும் உயரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அப்பா வந்தார். "எங்க பிள்ளையை மட்டும் கொஞ்சம் தள்ளித் தனியா உட்கார வைங்க டீச்சர், தட்டு வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புறேன்" என்றார். எதற்காகச் சொல்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாளிலிருந்து உயர வரிசைப்படி உட்கார வைத்தேன். குட்டைப் பிள்ளை முன்னால், நெட்டைப் பிள்ளை பின்னால். யார் பக்கத்தில் யார் என்பதை அந்த வருஷம் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதுதான் முடிவு செய்தது. ஒரு மாதம் அந்த அப்பா பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அப்புறம் பிள்ளையே போகமாட்டேன் என்றது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் ருசி வீட்டுத் தட்டில் இல்லையாம்.

உங்கள் அறையில் இந்த ஆறு வாரத்தில் நான் பார்த்தது அதே பந்தி. ஒருநாள் என் இடது பக்கம் ஜவுளிக்கடை முதலாளி, வலது பக்கம் நகராட்சியில் துப்புரவு வேலை செய்யும் அம்மா, எதிரே பேரணாம்பட்டு ரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த பாய் வீட்டு அக்கா, அவருக்குப் பக்கத்தில் முதல் நாள் ரிப்பன் வெட்டிய பாட்டி. நாலு பேர் காலிலும் ஒரே மாதிரி ஊசி. முதலாளி குறட்டை விட்டார். துப்புரவு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் ஊரில் இந்த நாலு பேரும் ஒரே வரிசையில் கண்மூடி உட்காருகிற இடம் வேறு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முழங்கைக்குக் கீழேயும் முழங்காலுக்குக் கீழேயும் காதிலும் தலையிலும் உள்ள புள்ளிகளை, அதாவது ஊசி குத்த அக்குபங்சரில் குறித்திருக்கும் இடங்களை, மட்டும் வைத்து நீங்கள் வேலை செய்கிறீர்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், புர்கா கையைக் கொஞ்சம் மடக்கினால் போதும். ரவிக்கை கழற்றவேண்டும், குப்புறப் படுக்கவேண்டும் என்றிருந்தால் எங்கள் பெண்கள் பாதிப்பேர் படியேறியிருக்கமாட்டார்கள்.

அந்த நாற்காலிகளைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. எட்டும் எட்டு வீட்டிலிருந்து வந்தவை, துணி கிழிந்து பரணில் கிடந்தவை. நெசவாளர் ஒருவர் லுங்கித் துணியை இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கியில் சாய்ந்துகொண்டு சீன வைத்தியம் பார்க்கிறோம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

சீன வைத்தியம் என்றதும் எங்கள் தெருவில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களுக்காக, என் மகள் படித்துச் சொன்ன ஒரு கதை. அவள் செவிலியர். 1938-ல் ஜப்பான் சீனாமேல் படையெடுத்திருந்த நேரம், காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க இந்தியாவிலிருந்து ஐந்து டாக்டர்கள் கப்பலேறினார்கள். அதில் சோலாப்பூர்க்காரரான டாக்டர் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துபோனார். இன்னொருவர் கல்கத்தாவின் டாக்டர் பிஜய் குமார் பாசு. ஊர் திரும்பிய பாசு, 1958-ல் மறுபடியும் சீனாவுக்குப் போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, 1959-ல் கல்கத்தாவில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இந்தியாவுக்குள் இந்த ஊசி அப்படித்தான் வந்தது. மேற்கு வங்கம் 1996-ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வங்காள எழுத்தில் போர்டு வைத்த லாட்ஜுகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் பார்க்காதவர்கள் நம்மில் யார்? வைத்தியத்துக்காக அவர்கள் ரயிலேறி காட்பாடிக்கு வருகிறார்கள். அவர்கள் ஊர் டாக்டர் ஒருவர் கொண்டுவந்தது இப்போது நம் தெருவுக்கு வந்திருக்கிறது. இதில் அன்னியம் என்ன இருக்கிறது?

இனி என் தோள். எனக்குச் சர்க்கரை உண்டு, பத்து வருஷமாக மாத்திரை. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம் என்று மகள் சொன்னாள். வலது கை காது உயரத்துக்கு மேல் போகாது. தலை பின்ன முடியாது, ரவிக்கையின் பின்பக்கம் கை எட்டாது. இந்த வைகாசி ஒன்றாம் தேதி திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு, அம்மனின் தலை, எங்கள் தெரு வழியாக ஊர்வலமாக வந்தபோது எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். நான் இடது கையை மட்டும் தூக்கிக் கும்பிட்டேன். பிறந்ததிலிருந்து பார்க்கும் சிரசை ஒற்றைக் கையால் கும்பிட்டது அதுதான் முதல்முறை.

உங்கள் கூடத்தில் என் வலது தோளுக்கு இடது காலில் ஊசி போட்டீர்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், எலும்பு ஓரத்தில். கால் மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும் அந்த ஊசி, வைத்ததே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஒரு கனம், மரத்துப்போகிற மாதிரி. "இப்போ மெதுவா கையைத் தூக்குங்கம்மா" என்றீர்கள். பதினோரு முறை வந்துவிட்டேன். இப்போது சமையல்கட்டில் மேல்தட்டு உப்புச் சாடியை வலது கையால் எடுக்கிறேன். முழுசாகத் தலைக்கு மேல் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சியையும் காலையில் சுவரோரம் நின்று செய்கிறேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ராத்திரி வலது பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது, அது நிஜம்.

என் மகள் எதையும் கேள்வி கேட்காமல் ஏற்கிறவள் இல்லை. ஜெர்மனியில் செய்த ஒரு ஆய்வை எடுத்துக் காட்டினாள். நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்களாம். ஒரு பிரிவுக்கு முறைப்படி அக்குபங்சர். இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலாகக் குத்தினார்கள். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பிசியோதெரபியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் பிரிவில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், இரண்டாவதில் 44.2, மூன்றாவதில் 27.4. 2007-ல் வெளிவந்த ஆய்வு. "அப்படின்னா புள்ளிக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் உங்களிடம்கூட முழுசாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் வழக்கமான வைத்தியம் மட்டும் எடுத்தவர்களைவிட ஊசி போட்டுக்கொண்டவர்களில் கூடுதலான பேருக்கு வலி குறைந்திருக்கிறது. அது என் தெருவுக்குப் பெரிய விஷயம். உங்களை யாராவது கேட்டால் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் பாட்டிகள் உண்மையைத் தாங்குவார்கள்.

இதையொட்டி ஒரு வேண்டுகோள், இதில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். சில வருஷம் முன்பு எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் வேறு ஊரில் ஒரு வைத்தியரிடம் போனார். அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார். "மாத்திரைதான் விஷம், உடம்பு தானா சரியாகும்" என்றாராம். அக்கா நம்பினார். காலில் சின்னப் புண், ஆறவில்லை, சர்க்கரையைப் பார்க்கவும் இல்லை. கடைசியில் இரண்டு விரலை எடுக்கவேண்டி வந்தது. அந்த அக்கா இன்று உங்கள் கூடத்துப் பக்கமே வரமாட்டேன் என்கிறார், அவரைக் குறை சொல்ல முடியுமா? நீங்கள் முதல் நாளே "எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேக்காம எதையும் மாத்தாதீங்க" என்று சொன்னீர்கள். கர்ப்பமா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறோமா என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுக்கிறீர்கள். நெஞ்சு வலி என்று வந்த ஒருவரை உட்காரவே விடாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதை நான் பார்த்தேன். வாயால் சொல்வதைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதிவையுங்கள். தமிழில், உருதுவில், தெலுங்கில். எங்கள் ஊரில் மூன்றும் வேண்டும். நீங்கள் படித்த சான்றிதழையும் அதன் பக்கத்திலேயே மாட்டுங்கள். 2019-ல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றதிலிருந்து ஆளாளுக்கு போர்டு மாட்டுகிறார்கள், யார் படித்தவர் என்று ஊருக்குத் தெரியவேண்டும்.

இப்போது எழுத உட்கார்ந்த காரியத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு சேதி காதில் விழுந்தது. வசதியுள்ள ஒருவர், உங்கள் சிகிச்சையில் முதுகுவலி குறைந்த சந்தோஷத்தில், கூடத்தின் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்து, ஏசி மாட்டி, இரண்டு கட்டில் போட்டுத் தருகிறேன் என்றாராம். அங்கே வருகிறவர்களிடம் ஐந்நூறு ரூபாய் வாங்கலாம், அந்தப் பணத்தில் ஏழைகளுக்கு இலவசமாகவே செய்யலாம் என்றாராம். நீங்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றீர்களாம். அவர் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வேண்டாம் தம்பி. வேண்டாம் தங்கை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்நூறு என்றால் இந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் வரும்? தர்ம வைத்தியம் என்று பெயர் வரும். தர்மத்துக்கு எங்கள் அம்மாமார்கள் வரமாட்டார்கள். ஆயிரம் பீடி சுற்றிப் பிள்ளை வளர்த்தவர்கள் அவர்கள். இன்று அவர்கள் வருவதற்குக் காரணம் அந்தத் தகர உண்டியல். 20 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்குள் முடிந்ததைப் போடலாம், யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாமல் உண்டியலுக்கு முன்னால் ஒரு துணித் திரை. அந்த அறையில் இருக்கிற ஒரே திரை அதுதான். பாட்டி இருபது ரூபாயைச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து, நாலாக மடித்ததை நீவிவிட்டு, திரைக்குள் கையை விட்டுப் போட்டுவிட்டு, தலை நிமிர்ந்து வருவார். முதலாளி எவ்வளவு போடுகிறார் என்று எனக்குத் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறோம் என்கிற மரியாதை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இலவசம் என்று ஆக்கினால் அது போய்விடும்.

நாலு மாதத்தில் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், பந்தியை முப்பது வருஷம் பார்த்தவள். ஏசி அறைக்கு முதலில் போவது முதலாளி. அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார ஆசைப்படுகிறவர்கள். அப்புறம், கொஞ்சம் காசு சேர்ந்ததும், அந்தப் பக்கம்தான் கௌரவம் என்று நினைக்கிறவர்கள். நல்ல ஊசி, அனுபவமுள்ள கை எல்லாம் அங்கே நகரும். நீங்கள் நினைத்து நகர்த்தமாட்டீர்கள், தானாக நகரும். இந்தப் பக்கத்து மின்விசிறி நின்றால் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும்.

அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஐயா, ஒரு வருஷத்துக்கு ஊசி வாங்கித் தருகிறீர்களா? இன்வெர்ட்டர் வைத்துத் தருகிறீர்களா? கரண்ட் போனால் எட்டுப் பேருக்கும் சேர்ந்துதான் வேர்க்கிறது. எட்டுப் பேருக்கும் சேர்த்துக் காற்று வரட்டும். அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நானும் கூட வந்து பேசுகிறேன், அவருடைய பையன் என் கையால் சாப்பிட்டவன்.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு உண்டு. பீடி கொடுக்கப் போகிறவர்கள் திரும்ப மணி ஐந்தாகிவிடும். ஷூ கம்பெனி பஸ் வருவது அதற்கும் மேலே. நீங்கள் ஆறரைக்கு மூடுகிறீர்கள். வாரத்தில் இரண்டு நாளாவது எட்டரை வரை திறந்திருந்தால் அந்தப் பிள்ளைகளும் வருவார்கள். அப்புறம், போட்டு எடுத்த ஊசிகளை நீங்கள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் சேர்ப்பதை மகள் கவனித்து மெச்சினாள், 2016 விதிப்படி அப்படித்தான் செய்யவேண்டுமாம். டப்பா நிறைந்ததும் மருத்துவக் கழிவு வண்டியில் கொடுக்கிற ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கௌண்டன்யா ஆற்றங்கரையில் எதை எதையோ கொட்டிப் பார்த்தவர்கள் நாங்கள், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டவேண்டும்.

கடைசியாக வாசல்படி. முழங்கால் வலிக்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள், முதல் படியோ ஒரு முழ உயரம் இருக்கிறது. பாட்டியை நேற்று இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றினார்கள். என் தம்பி மகன் கொத்து வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பாதி உயரத்தில் இன்னொரு படி கட்டி, சுவரோரம் பிடித்து ஏற ஒரு குழாயும் பதித்துவிடுவான். செங்கல்லும் சிமெண்டும் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் இரண்டு சட்டி மணலும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்து வைத்திருங்கள்.

அன்புடன்,
ஜன்னல் ஓரத்து நாற்காலி சத்துணவு டீச்சர்
குடியாத்தம்